தேவையில்லாத ஆணிகள்

"என்ன, ஆபீஸ்ல ஆணி அதிகமா?"

பதிவுலகத்துப் பழைய ஆளுங்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது. வடிவேலு புண்ணியத்துல ஆணி புடுங்கறதுன்னா வேலை பாக்கறதுன்னு ஆகிப்போச்சு. நானும் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அந்த ஆணியைத்தான் புடுங்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா நிஜ ஆணி புடுங்கப் போயிடுவேன். இரும்பாணி. துருப்பிடிச்சு, வளைஞ்சு, மண்ணோட மண்ணா இறுகிப்போன ஆணி.

விளையாட்டுக்குச் சொல்லலீங்க. மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கிட்டு அறுவடை முடிஞ்ச வயல்ல மணிக்கணக்கா நடக்கறதுதான் என் பொழுதுபோக்கு. இருக்கறது இங்கிலாந்துல, சஃபோக் மாவட்டத்துல, இப்ஸ்விச் பக்கம். எந்த கிராமம், எந்த வயல்னு மட்டும் கேக்காதீங்க. மீன் பிடிக்கறவர் இடத்தைச் சொல்லுவாரா?

தங்கமணி அகராதியில இதுக்குப் பேர் குப்பை பொறுக்கறது. "நம்ம ஊரா இருந்தா பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமாவது வாங்கியிருக்கலாம். இங்க அதுக்கும் வழியில்லை" என்பது அவங்க வழக்கமான டயலாக். கராஜ்ல மூணு பக்கெட் நிறைய துருப்பிடிச்ச இரும்பு கிடந்தா யாருக்குத்தான் கோவம் வராது?

மெஷின் வேலை செய்யற விதம் சிம்பிள்தான். கீழே வட்டமா இருக்கற காயில் மண்ணுக்குள்ள மின்காந்தப் புலத்தை அனுப்பும். உள்ள உலோகம் இருந்தா அதுல சின்னதா மின்சாரம் சுழன்று, அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அது திரும்பி வர்ற தாமதத்தை வெச்சு, உள்ள இருக்கறது என்ன உலோகமா இருக்கும்னு மெஷின் ஒரு எண் காட்டி ஒரு சத்தமும் போடும். இரும்புக்கு அடித்தொண்டை உறுமல். செம்பு, வெள்ளிக்கு விசில் மாதிரி உச்சக்குரல். நடுவுல ஒரு கொடுமை இருக்கு. சின்னத் தங்க மோதிரமும் பீர் டின்னோட இழுப்பு வளையமும் ஒரே குரல்ல பேசும்.

டெலிபோன் புகழ் கிரகாம் பெல்லும் இதுல கையைச் சுட்டுக்கிட்டவர்தான். 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டப்போ, உடம்புக்குள்ள குண்டு எங்க இருக்குன்னு தேட இதே தத்துவத்துல ஒரு கருவி செஞ்சுக்கிட்டு வந்தார். குண்டு கிடைக்கலை. படுக்கைக்குள்ள இருந்த இரும்பு ஸ்பிரிங் கருவியைக் குழப்பிடுச்சு. செப்டம்பர்ல கார்ஃபீல்ட் இறந்தும் போயிட்டார். ஆக, இரும்புங்கறது இந்தத் தொழில் பிறந்தப்பவே கூடப் பிறந்த தொல்லை.

அதனால பெரும்பாலான மெஷின்ல ஒரு வசதி வெச்சிருப்பாங்க. இரும்புக்கு மட்டும் காது கேக்காத மாதிரி செட் பண்ணிக்கலாம். இங்கிலாந்து வயல்ல ரெண்டாயிரம் வருஷத்து இரும்பு கிடக்கு. லாடம், லாட ஆணி, கலப்பை உடைசல், வேலிக் கம்பி, அப்புறம் ஆணி, ஆணி, ஆணி. ஒவ்வொண்ணையும் தோண்டினா ஒரு ஏக்கர் முடிக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவோம். "இரும்பை மியூட்ல போடு, நிம்மதியா இரு"ன்னு சீனியர்கள் சொல்லிக் குடுத்தாங்க. நானும் போட்டேன்.

அப்படி நடந்ததுல கிடைச்சதுன்னு பார்த்தா ஈயத் துப்பாக்கிக் குண்டு, தேஞ்சுபோன ஜார்ஜ் மன்னர் காலத்து அரைப் பென்னி, தையற்காரர் விரலுறை, பெல்ட் பக்கிள், எண்ணி மாளாத பித்தளை பட்டன். ஒரே ஒரு தடவை பாதியா வெட்டின வெள்ளிப் பென்னி. 13-ம் நூற்றாண்டு வரைக்கும் சில்லறை வேணும்னா பென்னியையே வெட்டிப் பாதி, கால்னு குடுப்பாங்களாம். நகக்கண் அளவு வெள்ளித் துண்டு. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ தொலைச்சுட்டு, வீட்ல திட்டு வாங்கியிருப்பாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு வயல் நடுவுல நான் ஆடின ஆட்டத்தை நல்லவேளை யாரும் பாக்கலை :-)

சட்டம் பத்தி ரெண்டு வரி. இங்கிலாந்துல நிலத்துக்காரர் அனுமதி குடுத்தா தேடலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்ல தனி அனுமதி இல்லாம மெஷினைப் பயன்படுத்தறது குற்றம். 1996 புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல பழசான பொருள்ல பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தா, 14 நாளைக்குள்ள கொரோனருக்குத் தகவல் சொல்லணும். மியூசியம் வாங்கிக்கிட்டா அதுக்கு மதிப்புப் போட்டுக் குடுக்கற பணத்தை வழக்கமா கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பாதிப் பாதி பிரிச்சுக்குவாங்க. மத்தபடி செம்பு, வெண்கலம், ஈயம்னு கிடைக்கற பெரும்பாலான பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டா காட்டலாம். அதைப் பார்த்துப் பதிவு பண்றதுக்குன்னே 1997-லேர்ந்து ஒரு திட்டம் நடக்குது. மாவட்டத்துக்கு மாவட்டம் அதுக்கு ஒரு அதிகாரி உண்டு. இப்படிப் பொதுஜனம் காட்டினதுலயே 15 லட்சத்துக்கு மேல பொருட்கள் பதிவாகி, யார் வேணா பாக்கலாம்னு இணையத்துல கிடக்கு.

"விருப்பப்பட்டா"ங்கற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க. சரி, மேட்டருக்கு வரேன்.

2018 செப்டம்பர் கடைசி. நிலத்துக்காரர் எழுபது தாண்டின பெரியவர். கோதுமை அறுத்தாச்சு, அடுத்த உழவுக்கு ரெண்டு வாரம் இருக்கு, போய்த் தேடிக்கோன்னுட்டார். வயலோட மேட்டுப் பக்கம், வேலி ஓரமா நல்ல உச்சக்குரல். முன்னாடி பின்னாடி எங்கேர்ந்து ஆட்டினாலும் அதே எண். மெஷின் பொய் சொல்லலைன்னு அர்த்தம்.

மண்வெட்டியை இறக்கினேன். ஒரு சாண் ஆழத்துல ஒண்ணும் இல்லை. இன்னும் தோண்டினேன். கருஞ்சிவப்பா இருந்த உழவு மண் முடிஞ்சு, அடியில வெளிர் மஞ்சள் மணல் ஆரம்பிச்சுது. அதுக்குள்ள ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பா, சாம்பல் கலந்தாப்ல இருந்துது. அதைப் பார்த்தேன். பார்த்தேன்னு இப்ப சொல்றேன். அன்னிக்கு என் கண்ணு பார்த்துது, மண்டைக்குப் போகலை. மெஷின் இன்னும் கத்திக்கிட்டு இருந்துது, எனக்கு அது மட்டும்தான் காதுல விழுந்துது.

முதல்ல வந்தது இரும்பு. சின்னச் சின்னதா, பட்டாணி சைஸ்ல, துரு உருண்டைகள். ஒரு கை நிறைய. "சனியனே"ன்னு வாய்விட்டுத் திட்டிட்டு வேலிப் பக்கம் விசிறிட்டேன். அடுத்த வெட்டுல பச்சையா ஒண்ணு தெரிஞ்சுது. கையால மணலைத் தள்ளினா, வளையல். ரெண்டு செம்புக் கம்பியை முறுக்கி வளைச்ச வளையல். நம்ம ஊர்ல குழந்தைக்குக் காப்பு போடுவோமே, அச்சு அசல் அந்த மாதிரி. என் மூணு விரல்தான் உள்ள போச்சு.

குழியை மூடினேன், வளையலை டப்பாவுல வெச்சேன், வீட்டுக்கு வந்துட்டேன். பெரியவர்கிட்ட காட்டினப்போ, "அழகா இருக்கே, நீயே வெச்சுக்கோ"ன்னுட்டார். செம்புதான், அதுவும் ஒண்ணே ஒண்ணு. சட்டப்படி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூணு வாரம் அது என் மேசை மேலதான் இருந்துது. கராஜ் பக்கெட் பக்கம்கூட வராத தங்கமணி, அதை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது சின்னக் குழந்தையோடதுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சாங்க. எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சுக்கற ஆசைதான் என்னை அதிகாரிகிட்ட கொண்டு போச்சு. நேர்மைன்னு நினைச்சுடாதீங்க.

அந்தம்மா லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. "ரோமானியர் காலம், அநேகமா நாலாம் நூற்றாண்டு. நல்ல பொருள்"னாங்க. எனக்குத் தலைகால் புரியலை. அப்புறம் மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க.

"கூட ஆணி எதுவும் வந்துதா?"

வந்துதுன்னேன். எப்படி இருந்துதுன்னாங்க. பட்டாணி மாதிரின்னேன். எத்தனைன்னாங்க. எண்ணலைன்னேன். எங்க இருக்குன்னாங்க. தூக்கிப் போட்டுட்டேன்னேன். அந்தம்மா கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பேனாவைக் கீழே வெச்சுட்டு விளக்கினாங்க.

ரோமானியர் காலத்துச் செருப்பு, பூட்ஸ் அடியில சின்னக் குமிழ் ஆணி அடிச்சிருப்பாங்க. நம்ம ஊர் லாடச் செருப்பு மாதிரி. செத்தவங்களைப் புதைக்கறப்போ சில சமயம் செருப்போடவே புதைப்பாங்க, இல்லேன்னா காலடியில செருப்பை வெப்பாங்க. தோல் மக்கிடும். இந்தப் பக்கத்து மணல் அமிலத்தன்மை உள்ளது, அதனால எலும்பும் கரைஞ்சுடும். கடைசில மிஞ்சறது ஆணி மட்டும்தான். அதுவும் அடிச்ச வரிசையிலயே, பாதத்தோட வடிவத்துல, மண்ணுக்குள்ள அப்படியே இருக்கும்.

"எலும்பைப் பார்த்திருந்தா நீங்களே நிறுத்தியிருப்பீங்க, தெரியும்"னாங்க. "அந்தக் கறுப்பு மண்தான் எலும்பு."

எனக்கு வாய் வரலை. அந்தம்மாவே தொடர்ந்தாங்க. "சட்டன் ஹூ போயிருக்கீங்கல்ல? அங்க கப்பல் எப்படிக் கிடைச்சுதுன்னு பார்த்தீங்களா?"

போயிருக்கேன். வீட்லேர்ந்து அரைமணி நேரம் கார்ல. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டுப் போற இடம். 1939-ல பேசில் பிரவுன்ங்கற உள்ளூர்க்காரர், பள்ளிக்கூடப் படிப்பைச் சின்ன வயசுலயே விட்டவர், அங்க ஒரு மண்மேட்டைத் தோண்டினார். ஒரு இரும்பு ரிவெட் கிடைச்சுது. அடுத்து இன்னொண்ணு. அவர் அதைப் பிடுங்கிப் பார்க்கலை. வரிசையா வருதுன்னு புரிஞ்சுது. ஒவ்வொண்ணையும் அது இருந்த இடத்துலயே விட்டுட்டு, உள்பக்க மண்ணை மட்டும் சுரண்டிக்கிட்டே போனார். முடிவுல 27 மீட்டர் நீளக் கப்பல் ஒண்ணு எழுந்து வந்துது. கப்பல்ல ஒரு பலகைகூட மிச்சமில்லை. மரம் மொத்தமும் கரைஞ்சு, மணல்ல அதோட அச்சும், வரிசை வரிசையா ரிவெட்டும்தான். அதுக்கப்புறம் கிடைச்ச தங்கத்தைத்தான் உலகம் பேசுது. அந்த ஆணியை அவர் என்னை மாதிரி வேலிப் பக்கம் வீசியிருந்தா கப்பலே கிடையாது.

தெரிஞ்ச கதைதான். டிக்கெட் வாங்கி நாலு தடவை பார்த்த கதை. வயல்ல நின்னப்போ ஞாபகம் வரலையே.

இதே சஃபோக்ல இன்னொருத்தர் எரிக் லாஸ். 1992 நவம்பர் 16-ம் தேதி, ஹாக்ஸ்ன் கிராமத்துல, விவசாயி நண்பரோட தொலைஞ்சுபோன சுத்தியலைத் தேடப் போனார். கிடைச்சது ரோமானியப் புதையல். சுமார் 15,000 நாணயம், தங்க நகை, வெள்ளிக் கரண்டி. கொஞ்சம் எடுத்ததும் மனுஷன் தோண்டறதை நிறுத்திட்டு ஆள் சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியல் ஆளுங்க வந்து முறைப்படி எடுத்தாங்க. அதனாலதான் எல்லாமே ஒரு ஓக் மரப் பெட்டிக்குள்ள அடுக்கி வெச்சிருந்ததும், உள்ள சின்னச் சின்னப் பெட்டி இருந்ததும், எது எது பக்கத்துல இருந்துதுங்கறதும் தெரிய வந்துது. மரம் மக்கியும் பெட்டி தப்பிச்சுது. அதுல மிளகு போடற வெள்ளிச் சிமிழ் நாலு இருக்கு. ஒண்ணு பெண் உருவத்துல. மிளகு நம்ம பக்கத்து மேற்குக் கரையிலேர்ந்து கப்பலேறிப் போனது. பிரிட்டிஷ் மியூசியத்துல அதுக்கு முன்னாடி நின்னு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கிட்டேன். எரிக் லாஸுக்கு 17.5 லட்சம் பவுண்டு பரிசு. நண்பரோட பிரிச்சுக்கிட்டார். சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப மியூசியத்துக்குப் போயிடுச்சு.

இன்னொரு கோடியில 2015 ஹெர்ஃபோர்ட்ஷயர் கேஸ். ரெண்டு பேர் வைக்கிங் காலத்துப் புதையலை எடுத்து யாருக்கும் சொல்லாம வித்துட்டாங்க. 2019-ல ஒருத்தருக்குப் பத்து வருஷம், இன்னொருத்தருக்கு எட்டரை வருஷம் ஜெயில். 300 நாணயம் இருந்திருக்கலாம்னு கணக்கு. அகப்பட்டது கொஞ்சம்தான். ஆல்ஃபிரட் மன்னரும் பக்கத்து மெர்சியா மன்னரும் ஒரே நாணயத்துல ஜோடியா உக்காந்திருக்கற அபூர்வ நாணயம் அதுல இருந்துது. அந்த ரெண்டு ராஜ்யமும் கூட்டாளிங்களா இருந்ததுக்கு அது சாட்சி. மிச்சத்துல என்னென்ன சாட்சி இருந்துதோ, போச்சு.

நான் அந்தத் திருட்டுக் கும்பல் இல்லைன்னு என்னைத் தேத்திக்கப் பார்த்தேன். அனுமதியோடதான் போனேன், சட்டத்தை மீறலை. ஆனா அந்தக் குழிக்குள்ள நடந்ததுல பெருசா என்ன வித்தியாசம்?

அடுத்த வாரம் பெரியவர் அனுமதியோட தொல்லியல் ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. நான் முதல் காரியமா வேலி ஓரத்துல மண்டி போட்டேன். இரும்பை மியூட்ல போடறதையே பழக்கமா வெச்சிருந்தவன், இரும்பை மட்டும் தேடி மெஷினை ஆட்டினது அன்னிக்குத்தான். முள்ளுக்குள்ள கையை விட்டு, மதியத்துக்குள்ள பத்தொன்பது துரு உருண்டை பொறுக்கினேன். இன்னும் எத்தனையோ தெரியாது. எண்ணலையே.

அவங்க என் குழிக்குப் பக்கத்துல கரணையால மெதுவா மணலைச் சீவினாங்க. ஒவ்வொரு அடுக்கா. சாயங்காலம் நாலு மணி வாக்குல "இங்க வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. கறுத்த மணல்ல, என் மண்வெட்டி போன இடத்துக்கு நாலு விரக்கடை தள்ளி, ஆணி வரிசை. ஓரத்தைச் சுத்தி ஒரு வரிசை, நடுவுல கொஞ்சம். குதிகால் பக்கம் அடர்த்தியா. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்த உடனே செருப்பு. இடது கால். ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. பதினாறு சென்டிமீட்டர்.

"நாலஞ்சு வயசு இருக்கலாம்"னு ஒருத்தர் சொன்னார்.

வலது கால் என் பிளாஸ்டிக் பையில இருந்துது. பத்தொன்பது உருண்டையா. அது இனிமே செருப்பு ஆகாது. வளையல் எந்தப் பக்கம் இருந்துது, காலடியிலயா, மேலயான்னு கேட்டாங்க. "செருப்புக்குப் பக்கத்துல"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. யாரோ ஒரு அம்மா, இந்த இடத்துலதான் இருக்கணும்னு வெச்ச பொருள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல உழவும் மழையும் தொடாம இருந்துது. நான் அரைமணி நேரத்துல கலைச்சுட்டேன்.

வளையலைப் பெரியவரும் நானும் சேர்ந்து மியூசியத்துக்கே குடுத்துட்டோம். குழியை மூடறப்போ பெரியவர் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னார். அந்த மூலையை இப்ப அவர் உழறதில்லை, புல்லா விட்டுட்டார். யாரும் அவரைச் சொல்லலை.

நான் இன்னும் போயிட்டுத்தான் இருக்கேன். விட்டுடலாம்னு ரெண்டு மாசம் மெஷினைத் தொடாம இருந்தேன், முடியலை. ஆனா இப்ப இரும்பை மியூட்ல போடறதில்லை. உழவு மண் முடிஞ்சு நிறம் மாறினா மெஷின் எவ்வளவு கத்தினாலும் குழியை மூடி, இடத்தைக் குறிச்சுக்கிட்டு போன் பண்ணிடறேன். அப்படி மூடிட்டு வந்த மூணு குழியில என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ராத்திரி தூக்கம் வராதப்போ அதைத்தான் நினைச்சுக்குவேன். உழவு மண்ல வர்ற ஆணியை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்துடறேன். பக்கெட் இப்ப அஞ்சாயிடுச்சு.

தங்கமணி அதைப் பத்தி ஒண்ணும் சொல்றதில்லை. அன்னிக்குச் சாயங்காலம் நான் வயல்லேர்ந்து வந்து கதவைத் திறந்தப்போ, வாசல்ல வழக்கம்போல எல்லார் செருப்பும் கிடந்துது. பொண்ணோட ஸ்கூல் ஷூ ஒண்ணு நேரா, ஒண்ணு குப்புற. எப்பவும் "ஒழுங்கா வெக்கத் தெரியாதா"ன்னு கத்தறவன், அன்னிக்குக் குனிஞ்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நேரா வெச்சுட்டு உள்ள போனேன்.

டிஸ்கி: "நம்ம ஊர்ல இதைப் பண்ணலாமா"ன்னு யாராவது கேப்பீங்க. வேண்டாம். 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். ஏதாவது கிடைச்சா எடுக்காதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. முக்கியமா, பக்கத்துல கிடக்கற துரு உருண்டையைத் தூக்கிப் போடாதீங்க.